தொலைக்காட்சிக்கு ஒரு பதின்பருவக் காதல் படம் எழுதுவது: கடைசிக் காட்சியில் தொடங்கும் முழு வழிகாட்டி

பதினாறு, பதினேழு வயதுக் காதலை வைத்து டெலிபிலிம் எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் முதல் சந்திப்பிலிருந்துதான் தொடங்குகிறார்கள். பஸ் ஸ்டாப், மழை, ஒரு பார்வை. இருபது பக்கம் மளமளவென்று ஓடும். அதன் பிறகு கதை நின்றுவிடும், ஏனென்றால் அந்தப் பிள்ளைகள் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று யாரும் முடிவு செய்யவில்லை. கீழே உள்ள வரிசை அதைத் தலைகீழாக மாற்றுகிறது. வசனம் கடைசியில்தான் வருகிறது.

கணக்கெல்லாம் தமிழ்நாட்டுத் தொலைக்காட்சியின் இரண்டு மணி நேர ஸ்லாட்டுக்கானது. வழிகாட்டி முழுக்க ஒரே ஒரு கதையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். தென்காசிப் பக்கம் ஒரு சிறு ஊர், ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கும் மேல்நிலைப் பள்ளி, பயோ-மேத்ஸ் குரூப். பையன் இசக்கி, கண்டக்டர் மகன். பெண் செல்வி, டெய்லர் மகள்.

எழுதத் தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை: கதை நடக்கும் வருடத்தின் காலண்டர், அந்த வருடத்துப் பள்ளித் தேர்வு அட்டவணை, ஒரு ஸ்டாப்வாட்ச், கதைமாந்தர் வயதிலேயே இருக்கிற நாலு பேரிடம் பேசச் சம்மதம் (வீட்டுப் பெரியவர்களின் அனுமதியோடு). பள்ளி நினைவை மட்டும் நம்பி எழுதினால் உங்கள் காலத்துப் பேச்சு இன்றைய பிள்ளைகள் வாயில் வந்து உட்காரும்.

1. கடைசி முடிவை முதலில் எழுதுங்கள்

சேர்ந்தார்களா, பிரிந்தார்களா என்பதை இப்போது விட்டுவிடுங்கள். ‘இந்தப் பிள்ளை யாரும் சொல்லாமல், தானாக எடுத்த முதல் முடிவு என்ன?’ என்ற கேள்விக்கு ஒரே வரியில் பதில் எழுதுங்கள். அந்த முடிவைக் கேமராவில் காட்ட முடிய வேண்டும். ‘அவன் பக்குவப்பட்டான்’ என்பதைப் படமெடுக்க முடியாது.

நம் கதையில் அது இப்படி வரலாம். செல்வி வேளாண்மை படிக்கக் கோயம்புத்தூர் போகப் போகிறாள். இசக்கி பொறியியல் கலந்தாய்வுக்கான கல்லூரி வரிசையில் கோயம்புத்தூர்க் கல்லூரிகளையே மேலே அடுக்கி வைத்திருக்கிறான். அவன் மதிப்பெண்ணுக்கு அங்கே ஆசைப்பட்ட சிவில் கிடைக்காது, திருநெல்வேலியில் கிடைக்கும். கடைசி நாள் இரவு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து திருநெல்வேலியை முதலிடத்துக்கு நகர்த்துகிறான்.

ஒரு மவுஸ் அசைவுதான். காதல் முறியவில்லை, கல்யாணமும் ஆகவில்லை. ஆனால் இதற்கு முந்தைய ஒவ்வொரு காட்சிக்கும் இனி ஒரு வேலை வந்துவிட்டது: அந்த அசைவைக் கடினமாக்குவது.

இங்கே வரும் பிழைகளில் பெரியது ஓடிப்போய்க் கல்யாணம் செய்யும் முடிவு. சட்டப்படி திருமண வயது பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21. பதினேழு வயதுக் கதையில் அது சுபமாக முடியாது, காவல் நிலையத்தில்தான் முடியும். அந்தக் கதையை எழுத வேண்டுமென்றால் காவல் நிலையத்துக்குள் போய் எழுதுங்கள். கோயில் வாசலில் மாலையோடு நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். சாவில் முடிப்பது இன்னும் சுலபமான தப்பித்தல். முடிவெடுக்க வேண்டிய பிள்ளையையே கதையிலிருந்து எடுத்துவிடுகிறது.

2. வருடத்தை முடிவு செய்யுங்கள், பிறகு காலண்டரை ஒட்டுங்கள்

‘சமீபத்தில்’ என்று ஒரு வருடம் கிடையாது. வருடம் மாறினால் உச்சக்காட்சியே மாறும்.

பொறியியல் கலந்தாய்வு 2018-இல் இணையவழிக்கு மாறியது. அதற்கு முன் மாணவர்கள் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்துக்கு நேரில் போக வேண்டும். நம் கதையை 2012-இல் வைத்தால் பிரவுசிங் சென்டர் காட்சி கிடையாது. அதற்குப் பதிலாக அப்பாவோடு ஓர் இரவு ரயில் பயணமும், திரையில் காலியிடங்கள் குறைந்துகொண்டே வருகிற ஹாலும் கிடைக்கும். அது இன்னும் நல்ல காட்சிகூட. செலவு மட்டும் கூடும்.

மதிப்பெண்ணும் அப்படித்தான். பிளஸ் டூ மொத்தம் 1200 என்பது 2018 மார்ச் தேர்வோடு முடிந்தது, 2019 முதல் 600. மாநில ரேங்க் அறிவிப்பு 2017-இல் நின்றது. 2021 கதையில் ‘ஆயிரத்து நூத்தி எண்பது’ என்று ஓர் அப்பா பெருமைப்பட்டால், பார்க்கிற ஒவ்வொரு வாத்தியாரும் அந்த இடத்தில் கதையை விட்டு வெளியே வந்துவிடுவார்.

காலண்டரைச் சுவரில் ஒட்டி முதலில் பள்ளித் தேதிகளைக் குறியுங்கள்: காலாண்டு, அரையாண்டு, பொங்கல் விடுமுறை, செய்முறைத் தேர்வு, மார்ச்சில் பொதுத்தேர்வு, ரிசல்ட், கலந்தாய்வு. காதலை இந்தத் தேதிகளுக்கு இடையில்தான் பொருத்த வேண்டும். பிப்ரவரியில் பிளஸ் டூ மாணவன் மூன்று நாள் சும்மா ஊர் சுற்றினான் என்றால் நம்புகிறவர் யாரும் இல்லை. நேரம் இல்லாமைதான் இந்தக் கதையின் மிகப் பெரிய தடை. அதைப் பயன்படுத்தத் தெரியாதவர்கள்தான் வில்லன் தேடி அலைவார்கள்.

3. வயதையும் சட்டத்தையும் இங்கேயே முடித்துவிடுங்கள்

காட்சிகள் எழுதிய பிறகு இதைப் பார்த்தால் பாதியைக் கிழிக்க வேண்டியிருக்கும், அதனால்தான் மூன்றாவதாக வருகிறது.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டம் 2012-இன்படி 18 வயதுக்குக் கீழே எல்லோரும் குழந்தைதான். குழந்தையை ஆபாசமாகச் சித்தரிப்பது குற்றம். குழந்தைபோல் தோன்றும் சித்தரிப்பையும் 2019 திருத்தம் வரையறைக்குள் கொண்டுவந்திருக்கிறது. ஆகவே ‘நடிப்பவருக்கு இருபது வயதாகிவிட்டது’ என்பதை நம்பிப் பாலியல் சாயலுள்ள காட்சியைப் பதினேழு வயதுப் பாத்திரத்துக்கு எழுதாதீர்கள். கதைக்கும் அது தேவையில்லை. இந்த வயதில் ஒரே பெஞ்சில் நோட்டைத் தள்ளிவைக்கும் கைக்கே போதுமான படபடப்பு உண்டு.

பின்னாலேயே சைக்கிளில் சுற்றுவது, மறுத்த பிறகும் வழிமறிப்பது, இதையெல்லாம் காதலின் முதல் கட்டமாக எழுதும் பழக்கம் சினிமாவிலிருந்து வந்தது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சம்ஹிதாவின் 78-ஆம் பிரிவில் அதற்குத் தண்டனையே இருக்கிறது. பாத்திரம் அதைச் செய்யலாம். செய்தால் அதன் விலையைக் கதைக்குள் கொடுக்க வேண்டும், பின்னணியில் புல்லாங்குழல் வாசிக்கக் கூடாது.

புகைக்கும் காட்சிக்கு நேரக் கணக்கே இருக்கிறது. ஒரு பீடி தெரிந்தாலும் தொடக்கத்திலும் நடுவிலும் 30 வினாடி விழிப்புணர்வுப் படம், 20 வினாடி எச்சரிக்கை ஆகியவை வர வேண்டும். மொத்தம் 100 வினாடி. காட்சி ஓடும்போது கீழே எச்சரிக்கை வாசகமும் வேண்டும். தாத்தா பீடி பிடிக்காமல் சும்மா உட்கார்ந்திருக்கலாம், அந்த நேரம் மிச்சம்.

செல்விக்குத் தம்பி இருந்தால், அவனுக்கு வயது 14-க்குக் கீழே இருந்தால், படப்பிடிப்பு நடக்கும் மாவட்ட ஆட்சியரிடம் முன்அனுமதி தேவை. ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, இடைவேளை இல்லாமல் 3 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது. சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தையின் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்புநிதியாகப் போக வேண்டும். ஐந்து குழந்தைக்கு ஒருவர் பொறுப்பாளர். எழுத்தாளருக்கு இது எதற்கு என்று கேட்கலாம். அந்தத் தம்பியை முப்பது காட்சியில் எழுதிவிட்டால் ஷெட்யூல் போடுகிறவர் இருபதை வெட்டுவார். எந்த இருபது என்று உங்களைக் கேட்க மாட்டார்.

4. பிரேக் கணக்கு

கேபிள் தொலைக்காட்சி விதிகளின்படி ஒரு மணி நேரத்தில் விளம்பரம் 12 நிமிடத்தைத் தாண்டக் கூடாது (10 வணிக விளம்பரம், 2 சேனலின் சொந்த விளம்பரம்). இரண்டு மணி நேர ஸ்லாட்டில் படத்துக்கு மிஞ்சுவது 96 நிமிடம். டைட்டிலுக்கு 2 போனால் கதைக்கு 94.

ஐந்து பிரேக், ஆறு பகுதி என்று வையுங்கள். நல்ல பங்கீடு: 22, 17, 16, 15, 13, 11 நிமிடம். முதல் பகுதி நீளமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. கதை பிடிபடும் முன் விளம்பரம் வந்தால் ரிமோட் கை மாறிவிடும். கடைசிப் பகுதி குட்டையாக இருப்பது, முடிவை நோக்கிப் போகும்போது துணைக்கதைகள் எல்லாம் முடிந்திருக்க வேண்டும் என்பதால்.

ஆறு பகுதிக்கும் முதலில் கடைசி வரியை மட்டும் எழுதுங்கள். ஒவ்வொன்றும் ஒரு கேள்வியைத் தொங்கவிட வேண்டும். நம் கதையில் முதல் பிரேக்: செல்வியின் ரெக்கார்ட் நோட்டில் இசக்கியின் கையெழுத்து இருக்கிறது, நோட்டு சாரின் மேஜைக்குப் போய்விட்டது. மூன்றாவது பிரேக்: செல்வி எப்போதும் பேசும் அம்மாவின் போன் ஒலிக்கிறது, எடுப்பது அப்பா.

பிரேக் வருகிறது என்பதற்காக பைக் விபத்து வைப்பது புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. விபத்து அதிர்ச்சிதான், கேள்வி ஆகாது. பார்ப்பவர் ‘ஆஸ்பத்திரிக்குப் போவார்கள்’ என்று தெரிந்துகொண்டு சமையலறைக்குப் போய்விடுவார். அப்பா கையில் போன் இருந்தால் போக மாட்டார்.

இன்னொன்று. பிரேக் முடிந்து முதல் 20 வினாடியில் முக்கியத் தகவல் எதையும் வைக்காதீர்கள். ஆட்கள் இன்னும் திரும்பி வந்து உட்கார்ந்திருக்க மாட்டார்கள். மணி அடிப்பது, சைக்கிள் ஸ்டாண்ட், தையல் மிஷின் சத்தம் என்று இடத்தை நிறுவும் ஷாட்டுகளை அங்கே செலவழியுங்கள்.

5. பெண்ணின் கதையைத் தனியாக ஓட்டிப் பாருங்கள்

பையன் வருகிற காட்சிகளை எல்லாம் கையால் மூடிக்கொள்ளுங்கள். மிச்சமிருப்பதில் செல்விக்குத் தொடக்கம், தடை, முடிவு இருக்கிறதா? இல்லையென்றால் அவள் இன்னும் பாத்திரம் ஆகவில்லை, இசக்கியின் பாடத்தில் வரும் படம்தான்.

செல்விக்கு வேளாண்மை படிக்க வேண்டும். வீட்டில் ‘பொம்பளப்பிள்ளைக்கு வயக்காட்டுப் படிப்பா’ என்கிறார்கள். அப்பா வாங்கியிருக்கும் மிஷின் கடன் முடியவில்லை. இந்த மூன்று வரியில் இசக்கி இல்லை. ஆகவே அவள் அவனைப் பிடித்திருப்பதற்கும், ஒருநாள் அவனிடம் எரிந்து விழுவதற்கும் சொந்தக் காரணம் கிடைக்கிறது.

குறைந்தது எட்டுக் காட்சிகள் அவன் இல்லாமல் அவளுடையதாக இருக்கட்டும். தோழியோடு பையனைப் பற்றிப் பேசும் காட்சி இந்தக் கணக்கில் சேராது.

6. தடைக்குப் பெயர் சொல்லுங்கள்

‘அந்தஸ்து’ என்ற சொல்லை ஸ்கிரிப்ட் முழுக்கத் தேடி அழித்துவிடுங்கள். அது பெரும்பாலும் சாதி என்று எழுதத் தயங்கிய இடம். தெருவின் பெயர், கோயில் கொடைவிழாவில் யார் எங்கே நிற்கிறார்கள், வீட்டுக்கு வந்த பையனுக்குத் தண்ணீர் எதில் கொடுக்கிறார்கள் என்பதிலேயே பார்ப்பவர்கள் புரிந்துகொள்வார்கள். மூடி மறைத்தால் தடை எதனால் என்றே தெரியாமல் அப்பா சும்மா கத்துகிறவராகத் தெரிவார். சாதி உங்கள் கதையில் தடை இல்லையென்றால், எது என்று ஒரு வரியில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்: பணம், படிப்பு, ஊர் மாற்றம், நோய்.

பெற்றோர் ஒவ்வொருவருக்கும் அவர் சொல்வது சரியாகப் படுகிற ஒரு காட்சி கட்டாயம். கண்டக்டர் அப்பா மகனை அடிக்கிற காட்சியை எவரும் எழுதிவிடலாம். இரவு டியூட்டி முடிந்து வந்து, தோல்பையைக் கவிழ்த்துச் சில்லறையை எண்ணிக்கொண்டே, தலை நிமிராமல் ‘சிவிலுக்கு எவ்வளவுல ஆகும்?’ என்று கேட்கிற காட்சிதான் பிறகு மவுஸ் அசைவைக் கனமாக்கும்.

7. சந்திக்கும் வழிகளைப் பட்டியலிடுங்கள்

இருவரும் தனியாகப் பேசுவதற்கு நிஜமாக எத்தனை இடம் உண்டு? சிறு ஊரில் ஐந்தாறு தேறினால் அதிகம்: ட்யூஷன் முடிந்து நடக்கிற முந்நூறு மீட்டர், டவுன் பஸ், லேப், கோயில் கொடை, ஜெராக்ஸ் கடை. கஃபே, பீச், ஆளில்லாத பூங்கா என்று எழுதாதீர்கள்.

போன் யாருடையது என்பதை இங்கே தீர்த்துவிடுங்கள். அவளுக்குச் சொந்தப் போனா, அம்மாவுடையதா? லாக் உண்டா? மெசேஜை யார் அழிப்பது? நெட் பேக் எப்போது தீரும்? ஆளுக்கொரு போன் கொடுத்து இரவு முழுக்கப் பேசவிட்டால் கதையின் பாதி இழுவிசை போய்விடும். திரையில் மெசேஜ் எழுத்துகள் மிதப்பதும் டிவியில் வீண். சோபாவிலிருந்து வாசிக்க முடியாது, பெரியவர்கள் ‘என்ன எழுதியிருக்கு?’ என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

8. சீன் ஆர்டர், அதன் பிறகே வசனம்

94 நிமிடத்துக்கு 55 முதல் 65 காட்சிகள் போதும். ஒவ்வொன்றையும் ஓர் அட்டையில் எழுதுங்கள்: இடம், பகலா இரவா, யார் யார், காட்சி முடியும்போது என்ன மாறியது. கடைசிக் கட்டம் காலியாக இருக்கும் அட்டையைத் தூக்கி எறியுங்கள். மான்டேஜ் (துண்டு துண்டு ஷாட்டுகளின் கோவை) அட்டைகள் பெரும்பாலும் இந்தச் சோதனையில் விழும்.

வசனத்தில் ஒரே விதி: காதலைப் பற்றிப் பேசவிடாதீர்கள், கையில் இருக்கும் வேலையைப் பற்றிப் பேசவிடுங்கள். முதல் வரைவுகளில் வழக்கமாக வருவது இது:

‘செல்வி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். உன்னப் பாத்த நாள்லருந்து என் வாழ்க்கையே மாறிடுச்சு.’

பதினேழு வயதில் யாரும் இப்படிப் பேசுவதில்லை. பேசினாலும் தோழிகள் சிரித்துவிடுவார்கள். அதே காட்சியை ரெக்கார்ட் நோட்டோடு எழுதிப் பாருங்கள். லேப் வாசல். பழுப்பு அட்டை போட்ட நோட்டைத் திருப்பிக் கொடுக்கிறான். அவள் இலையின் குறுக்குவெட்டுப் படத்தில் நிற்கிறாள்.

‘பேரு பூரா நீயா எழுதுன?’
‘ஆமா. ஸ்கேல் வச்சு கோடு போட்டுத்தான் எழுதுனேன்.’
‘சார் கண்டுபிடிச்சிருவாரு. என் எழுத்து இப்படி நேரா நிக்காது.’
‘அப்ப அழிச்சிரட்டா?’
நோட்டை மூடிப் பையில் வைக்கிறாள். ‘வேண்டாம்.’

‘வேண்டாம்’ வந்ததும் காட்சியை வெட்டுங்கள். அவன் சிரிப்பது, அவள் திரும்பிப் பார்ப்பது எதுவும் தேவையில்லை. முதல் பிரேக்கில் சார் மேஜைக்குப் போகிற நோட்டும் இதுதான். ஒரு பொருள் இரண்டு வேலை செய்தால் காட்சி எண்ணிக்கை தானாகக் குறையும்.

பேச்சுவழக்கை ஊருக்கு ஏற்ப வையுங்கள், ஆனால் வரிக்கு வரி ‘ல’ போட்டு நிரப்பாதீர்கள். பையன்கள் தங்களுக்குள் ‘வால, போல’ என்பார்கள். வகுப்புப் பெண்ணிடம் பேசும்போது அது காணாமல் போகும், பெயர் சொல்லிக் கூப்பிடவே கூச்சப்பட்டு ‘இந்தா’, ‘ஏ’ என்று தொடங்குவார்கள். அந்த மாற்றமே போதும்.

ரேடியோவில் பழைய சினிமாப் பாட்டு ஓடுவதாக எழுதும் முன் தயாரிப்பாளரிடம் கேளுங்கள். உரிமை வாங்காமல் ஒளிபரப்ப முடியாது, அதன் விலை ஒரு நாள் படப்பிடிப்பைத் தின்றுவிடும். அந்தப் பாட்டின் வரியை நம்பிக் காட்சியைக் கட்டியிருந்தால் காட்சியும் போகும்.

9. படப்பிடிப்பை மனதில் வைத்து ஒருமுறை திருத்துங்கள்

ஒரு நாளைக்கு 7 முதல் 8 நிமிடம் எடுத்தால் 12, 13 நாளில் படம் முடியும். பள்ளிக் காட்சிகளை மொத்தமாக 4 நாளுக்குள் அடக்கப் பாருங்கள். பள்ளி ஞாயிற்றுக்கிழமையும் கோடை விடுமுறையிலும்தான் கிடைக்கும். மே மாத வெயிலில் எடுக்கப்போவதை ‘மார்கழிப் பனி’ என்று எழுதினால் கலை இயக்குநர் உங்களைத் தேடி வருவார்.

முக்கியப் பாத்திரங்களுக்கு 18 முதல் 20 வயதுக்குள் முகம் தேடச் சொல்லுங்கள். 18-க்குக் கீழே என்றால் தேர்வு, பள்ளி நேரம், பெற்றோர் அனுமதி என்று நாட்கள் நழுவும். 24-க்கு மேலே போனால் மழித்த தாடையின் பச்சை நிறம் குளோசப்பில் தெரியும். வகுப்பில் கூட உட்காரும் மற்ற மாணவர்களும் அதே வயதில் இருக்கட்டும். நாயகனைச் சுற்றி நிஜ பிளஸ் டூ பிள்ளைகளை உட்கார வைத்தால் அவன் வாத்தியார்போல் தெரிவான்.

சீருடை பற்றி ஸ்கிரிப்டிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள்: ஜூன் காட்சிக்குப் புதுசு, பிப்ரவரி காட்சிக்கு முழங்கை தேய்ந்து, பையனுக்கு பேன்ட் கணுக்காலுக்கு மேலே ஏறியது. வளர்ச்சியைக் காட்ட இதைவிட மலிவான வழி இல்லை. எந்த நிஜப் பள்ளியின் நிறமோ பேட்ஜோ வேண்டாம்.

10. சத்தமாக வாசித்து நேரம் எடுங்கள்

பக்கத்தை எண்ணி நிமிடம் கணிப்பது தமிழ் வசனத்துக்குச் சரிவராது. இருவர் உட்கார்ந்து, மௌனங்களுக்கும் இடம் விட்டு, முழு ஸ்கிரிப்டையும் வாசியுங்கள். பகுதி பகுதியாக ஸ்டாப்வாட்சில் குறியுங்கள். முதல் பகுதி 28 நிமிடம் வரும், பெரும்பாலும் அப்படித்தான். வெட்ட வேண்டியது அறிமுகக் காட்சிகளை. நண்பனின் காமெடி அங்கேதான் பதுங்கியிருக்கும்.

பிறகு, முதலில் பேசிய அந்த நாலு பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள். கருத்துக் கேட்காதீர்கள், மரியாதைக்கு ‘நல்லா இருக்கு’ என்பார்கள். வாசிக்கும்போது எங்கே சிரித்தார்கள், எங்கே போனை எடுத்தார்கள் என்று ஓரத்தில் குறித்தால் போதும். நீங்கள் உருக வைக்க எழுதிய இடத்தில் சிரிப்பு வந்தால் அந்த வசனம் சினிமாவிலிருந்து வந்தது. போனை எடுத்த இடத்தில் காட்சியில் எதுவும் மாறவில்லை, அட்டையின் கடைசிக் கட்டத்தைத் திரும்பப் பாருங்கள்.

திருத்திய பிரதியைச் சேனலுக்கு அனுப்பும் முன் எழுத்தாளர் சங்கத்தில் பதிவு செய்துவிடுங்கள். அனுப்புவது முதலில் இரண்டு பக்கச் சுருக்கமும் ஆறு பகுதிகளின் கடைசி வரிகளும் மட்டும். முழு ஸ்கிரிப்டை அவர்கள் கேட்ட பிறகு கொடுத்தால் போதும்.